யார் வைத்த குக்கீ?

இணைய உலாவியில் சேரும் குக்கீகளைப் பற்றி வாழைச்சேனை முதல் பொத்துவில் வரையுள்ள வாசகர்கள் அனுப்பிய கேள்விகள் நிறையச் சேர்ந்துவிட்டதால், இந்த இதழில் இப்பகுதி முழுவதையும் அவற்றுக்கே ஒதுக்கியிருக்கிறேன். பெயரை வெளியிட வேண்டாமென்று சிலர் கேட்டிருந்தார்கள். அதனால் எல்லோருடைய பெயர்களையும் தவிர்த்து, ஊரை மட்டும் குறித்திருக்கிறேன்.

கேள்வி: தையல் மெஷின் ஒன்றின் விலையை என் போனில் ஒரேயொரு தடவைதான் தேடிப் பார்த்தேன். அன்றிலிருந்து செய்தித்தளத்திலும், சமையற்குறிப்புத் தளத்திலும், பஞ்சாங்கம் பார்க்கும் தளத்திலும்கூட தையல் மெஷின் விளம்பரமே வருகிறது. இதற்குக் குக்கீதான் காரணம் என்று மகன் சொல்கிறான். குக்கீ என்றால் என்ன? அதனால் எனக்குத் தீமை ஏதும் உண்டா?
— ஆசிரியை ஒருவர், கல்லடி

பதில்: மகன் சொன்னது சரி. ஆனால் குக்கீகள் எல்லாவற்றையும் ஒரே கண்ணால் பார்க்கக் கூடாது.

இணையத்தளத்துக்கு இயல்பில் ஞாபகம் கிடையாது. நீங்கள் ஒரு பக்கத்தைக் கேட்டால் தரும். அடுத்த பக்கத்தைக் கேட்கும்போது, சற்று முன்னர் கேட்டவரும் நீங்கள்தான் என்பது அதற்குத் தெரியாது. இந்தக் குறையைத் தீர்ப்பதற்காக 1994ஆம் ஆண்டில் நெட்ஸ்கேப் நிறுவனத்தின் பொறியியலாளர் லூ மொண்டுலி உருவாக்கிய வழிதான் குக்கீ. மாதாமாதம் வைத்தியசாலைக் கிளினிக்குக்குப் போய் வருகிறவர்களுக்கு இது எளிதில் விளங்கும். வரிசையில் வருகிற அத்தனை பேருடைய முகங்களையும் வைத்தியர் நினைவில் வைத்திருப்பதில்லை. நீங்கள் கொண்டுபோகும் கிளினிக் அட்டையின் இலக்கத்தை வைத்துத்தான் உங்கள் கோப்பு எடுக்கப்படுகிறது. குக்கீயும் பெரும்பாலும் அப்படியோர் இலக்கத்தைத் தாங்கிய சிறு எழுத்துத் துண்டுதான்; ஏறத்தாழ 4 கிலோபைட்டுக்கு மேல் பெருகாது. தளம் அதை உங்கள் உலாவியிடம் கொடுத்து வைக்கிறது. அடுத்த தடவை அதே தளத்துக்குப் போகும்போது உலாவி அதை எடுத்துக் காட்டுகிறது. அது வைரசும் அல்ல, செயலியும் அல்ல. உங்கள் போனிலுள்ள படங்களை அதனால் பார்க்க முடியாது. ஜிமெயிலுக்குள் ஒருமுறை நுழைந்த பிறகு ஒவ்வொரு மடலுக்கும் கடவுச்சொல் கேட்கப்படாமல் இருப்பது இந்தத் துண்டின் உதவியால்தான்.

உங்களைத் துரத்தும் தையல் மெஷின் வேறு வகைக் குக்கீயின் வேலை. நீங்கள் ஒரு செய்திப் பக்கத்தைத் திறக்கும்போது அந்தப் பக்கம் முழுவதும் செய்தித்தளத்திடமிருந்து மட்டும் வருவதில்லை. அதிலுள்ள விளம்பரப் பெட்டி பெரும்பாலும் ஒரு விளம்பர நிறுவனத்தின் கணினியிலிருந்து வருகிறது. வரும்போது அந்த நிறுவனமும் தன் பெயரில் ஓர் இலக்கத்தை உங்கள் உலாவியில் வைத்துவிடுகிறது. நீங்கள் போனது செய்தித்தளத்துக்கு, குக்கீ வைத்தது வேறொருவர். இதனால்தான் இதனை மூன்றாந்தரப்புக் குக்கீ என்கிறார்கள். அதே நிறுவனத்தின் பெட்டி சமையற்குறிப்புத் தளத்திலும் பஞ்சாங்கத் தளத்திலும் இருந்தால், அங்கெல்லாம் அதே இலக்கம் அதன் கைக்குப் போகிறது. கல்முனைக் கடைத்தெருவில் நீங்கள் நுழைகிற ஒவ்வொரு கடை வாசலிலும் ஒரே முதலாளியின் ஆட்கள் நின்றுகொண்டு, புடைவைக் கடையில் எதைத் தொட்டுப் பார்த்தீர்கள், பாமசியில் எந்த மருந்தைக் கேட்டீர்கள், நகைக்கடையில் எதை அடகு வைத்தீர்கள் என்று ஒரே கொப்பியில் எழுதிவந்தால் எப்படியிருக்குமோ அப்படித்தான் இது நடக்கிறது. கொப்பியில் உங்கள் பெயர் இல்லாமல் இலக்கம் மட்டும் இருக்கலாம்; ஆனால் அந்த நிறுவனத்தின் கணக்கு ஒன்றுக்குள் நீங்கள் ஏற்கனவே நுழைந்திருந்தால் இலக்கத்தோடு பெயரும் சேர்ந்துவிடும்.

தையல் மெஷின் விளம்பரத்தால் உங்களுக்குக் கேடு எதுவும் இல்லை. ஆனால் அதே கொப்பியில்தான் நோயைப் பற்றிய தேடலும், கடனைப் பற்றிய தேடலும், பிள்ளையின் மனச்சோர்வைப் பற்றிய தேடலும் ஏறுகின்றன என்பதை நினைத்துப் பார்த்தால், அதை மூடிவைக்க வேண்டும் என்றே நான் உறுதியாகச் சொல்வேன். நீங்கள் போகிற தளம் தானே வைக்கும் குக்கீயை விட்டுவைத்து, மூன்றாந்தரப்புக் குக்கீகளை மட்டும் தடுத்தால் போதும்.

கேள்வி: மூன்றாந்தரப்புக் குக்கீகளைத் தடுக்கும் இடம் எங்கே இருக்கிறது? என்னிடம் அன்ட்ரொய்ட் போன் ஒன்றும் கடையில் ஒரு கணினியும் இருக்கின்றன.
— வர்த்தகர் ஒருவர், காத்தான்குடி

பதில்: இரண்டிலும் குரோம் உலாவியே இருக்குமென்று எண்ணுகிறேன். போனில் குரோமைத் திறந்து, மேல் மூலையிலுள்ள மூன்று புள்ளிகளைத் தொட்டு, 'செட்டிங்ஸ்' என்பதற்குள் 'சைட் செட்டிங்ஸ்', அதற்குள் 'தேர்ட் பார்ட்டி குக்கீஸ்' என்று போனால், அவற்றைத் தடுப்பதற்கான தெரிவு இருக்கும். கணினியில் 'செட்டிங்ஸ்' என்பதற்குள் 'பிரைவசி அண்ட் செக்யூரிட்டி' என்ற பகுதியில் அதே பெயரோடு இருக்கிறது. பதிப்புக்குப் பதிப்பு சொற்கள் சற்று இடம்மாறலாம். அப்படியானால் செட்டிங்ஸ் பக்கத்தின் தேடல் பெட்டியில் 'குக்கீ' என்று ஆங்கிலத்தில் எழுதித் தேடுங்கள்.

இதை நீங்களே செய்ய வேண்டியிருப்பதற்கு ஒரு காரணம் உண்டு. ஐபோனிலுள்ள சபாரி உலாவி 2020 மார்ச் முதல் மூன்றாந்தரப்புக் குக்கீகள் அனைத்தையும் தானாகவே தடுத்துவருகிறது. பயர்பொக்ஸ் உலாவி 2019இலேயே, பயனர்களைப் பின்தொடர்வதாக அறியப்பட்டவர்களின் குக்கீகளைத் தடுக்கத் தொடங்கி, 2022 ஜூனிலிருந்து கணினிகளில் ஒவ்வொரு தளத்தின் குக்கீகளையும் தனித்தனிச் சாடியில் போட்டு மூடிவைப்பதைப் போல, ஒன்று மற்றதோடு கலக்காதபடி பிரித்து வைக்கிறது. குரோமை உருவாக்கும் கூகுளும் 2020 ஜனவரியில், இரண்டு ஆண்டுகளுக்குள் மூன்றாந்தரப்புக் குக்கீகளுக்கான ஆதரவை நிறுத்திவிடப் போவதாக அறிவித்தது. பிறகு தவணை மேல் தவணையாகத் தள்ளிப்போய், 2024 ஜூலையில் அந்தத் திட்டம் மாற்றப்பட்டது. 2025 ஏப்ரலில், இதுபற்றிப் பயனரிடம் தனியாகக் கேட்கும் அறிவிப்பும் வராது என்று சொல்லிவிட்டார்கள். ஆகவே, குரோமின் சாதாரண சாளரத்தில் நீங்களாகத் தடுத்தாலொழிய அந்தக் கதவு திறந்தே கிடக்கும். விளம்பரத்தால் வருவாய் ஈட்டும் நிறுவனம் ஒன்று இந்தக் கதவைத் தானாக மூடித்தரும் என்று காத்திருக்க வேண்டாம்.

கேள்வி: உயர்தரப் பெறுபேறு வந்தபின் பல்கலைக்கழக விண்ணப்பத்தை நிரப்புவதற்காக ஒரு கொமினிகேஷன் கடையின் கணினியில் என் ஜிமெயிலைத் திறந்தேன். வேலை முடிந்ததும் சாளரத்தை மூடிவிட்டு வந்தேன். மறுநாள் அங்கே போன தோழியொருத்தி, என் மடல்கள் அப்படியே திறந்ததாகச் சொன்னாள். என் போனில் குக்கீகளை அழித்துவிட்டேன். அது போதுமா?
— மாணவி ஒருவர், காரைதீவு

பதில்: போதாது தங்கையே. இந்தப் பதிலை வாசித்தவுடன் செய்ய வேண்டிய வேலை ஒன்று இருக்கிறது. முதலில் அதைச் செய்துவிட்டு மீதியை வாசியுங்கள். உங்கள் போனில் கூகுள் கணக்கின் அமைப்புகளைத் திறந்து, 'செக்யூரிட்டி' என்ற பகுதியில் 'யுவர் டிவைசஸ்' என்பதைப் பாருங்கள். உங்கள் கணக்கு எந்தெந்தக் கருவிகளில் திறந்திருக்கிறது என்ற பட்டியல் அங்கே இருக்கும். அந்தக் கடைக் கணினியைத் தெரிவுசெய்து 'சைன் அவுட்' கொடுங்கள். பிறகு கடவுச்சொல்லை மாற்றி, கடவுச்சொல்லோடு இன்னொரு சோதனையையும் கேட்கும் இரட்டைச் சரிபார்ப்பையும் இயக்கிவிடுங்கள்.

நடந்தது இதுதான். சாளரத்தின் பெருக்கல் குறியை அழுத்துவது கணக்கிலிருந்து வெளியேறுவதாகாது. நீங்கள் உள்ளே நுழைந்தபோது ஜிமெயில் கொடுத்த இலக்கச் சீட்டு கடைக் கணினியின் உலாவியில் அப்படியே இருந்தது. அடுத்தவர் ஜிமெயிலைத் திறந்ததும் உலாவி அந்தச் சீட்டையே நீட்டியது. சீட்டை நீட்டுவது யாருடைய கை என்று ஜிமெயிலுக்குத் தெரிய வழியில்லை. உங்கள் போனில் அழித்தது போனிலிருந்த சீட்டை மட்டும்தான். கடையிலிருந்த சீட்டை அது தொடவே இல்லை. வெளியேறும் கட்டளையை முறையாகக் கொடுக்கும்போதுதான் அந்தச் சீட்டு செல்லாது என்று ஜிமெயில் தன் பக்கத்திலும் குறித்துக்கொள்கிறது.

நம் பகுதியில் தனியுரிமைக்கு உண்டாகும் மிகப் பெரிய ஆபத்து தூரதேசத்து விளம்பர நிறுவனம் அல்ல, பலர் கைபடும் இந்தக் கணினிதான் என்பது என் கருத்து. பெறுபேறு வெளியாகும் நாட்களில் நானே ஒரு கடையில் நிழற்பிரதி எடுக்கப் போனபோது, அங்கிருந்த கணினியில் முன்பின் அறியாத ஒரு பிள்ளையின் மடற்பெட்டி திறந்து கிடந்ததைக் கண்டு, படிக்காமலே வெளியேறும் கட்டளையைக் கொடுத்துவிட்டு வந்தேன். எல்லோரும் அப்படிச் செய்வார்கள் என்று நம்பியிருக்க முடியாது.

இனிமேல் கடைக் கணினியில் அமர்ந்தால், குரோமின் மேல் வலப்பக்கத்திலுள்ள உருவப்படக் குறியை அழுத்தி, விருந்தினருக்கான 'கெஸ்ட்' சாளரத்தைத் திறந்து அதிலேயே வேலையைச் செய்யுங்கள். அதை மூடியதும் அதற்குள் சேர்ந்த குக்கீகள் போய்விடும். கடவுச்சொல்லைச் சேமிக்கவா என்று உலாவி கேட்டால் மறுத்துவிடுங்கள். வேலை முடிந்ததும் வெளியேறும் கட்டளையைக் கொடுத்த பிறகே சாளரத்தை மூடுங்கள். இன்னொன்றையும் சொல்ல வேண்டும்: அடையாள அட்டையின் பிரதியையோ பெறுபேற்றுத் தாளையோ அச்சிடுவதற்காக இறக்கினால், அந்தக் கோப்பு 'டவுன்லோட்ஸ்' என்ற கோப்புறையில் தங்கிவிடும், குக்கீ அழிந்தாலும் அது அழியாது. அதை நீங்களே நீக்கி, குப்பைத்தொட்டியிலிருந்தும் அகற்ற வேண்டும். வட்ஸ்அப் வெப் திறந்திருந்தால், போனில் 'லிங்க்ட் டிவைசஸ்' என்ற இடத்தில் அதைத் துண்டித்துவிடுங்கள்.

இதை வாசிக்கும் கடை உரிமையாளர்களிடமும் ஒரு வேண்டுகோள். உலாவியை மூடும்போது குக்கீகள் தாமாக அழிந்துபோகும்படி பயர்பொக்ஸ், எட்ஜ், குரோம் ஆகிய மூன்றிலும் அமைத்துவிட முடியும். பயர்பொக்ஸில் 'பிரைவசி அண்ட் செக்யூரிட்டி' பகுதியில் குக்கீகளைப் பற்றிய இடத்தில் அதற்கென ஒரு சிறு பெட்டி இருக்கிறது. அதில் சரி அடையாளமிட்டால் வேலை முடிந்தது. ஒரு நிமிடம்கூடப் பிடிக்காத இந்த வேலை, உங்கள் கடையை நம்பி வரும் பிள்ளைகளுக்குப் பெரிய காவலாக இருக்கும்.

கேள்வி: பாதுகாப்புக்காக ஒவ்வோர் இரவும் எல்லாக் குக்கீகளையும் அழித்துவிடுகிறேன். இப்போது வங்கித்தளம் ஒவ்வொரு முறையும் என்னைப் புதியவராகவே பார்த்து, போனுக்கு இலக்கம் அனுப்பிச் சோதிக்கிறது. ஏன்?
— ஓய்வுபெற்ற உத்தியோகத்தர் ஒருவர், களுவாஞ்சிகுடி

பதில்: பதரோடு நெல்லையும் சேர்த்துத் தூற்றிவிடுகிறீர்கள் ஐயா. இது வழக்கமாக வருகிற கணினிதான் என்று வங்கித்தளம் அடையாளம் காண்பது அது வைத்த குக்கீயைக் கொண்டுதான். அதை நீங்கள் அழித்ததும் அதற்கு உங்கள் கணினி அந்நியமாகிவிடுகிறது. உங்களுக்கு மட்டும் உரிய கணினியானால் தினமும் அழிக்கத் தேவையில்லை. மூன்றாந்தரப்புக் குக்கீகளைத் தடுத்துவிட்டு, வங்கித்தளத்தில் வேலை முடிந்ததும் முறையாக வெளியேறினால் போதும். தேவையற்ற ஒரு தளத்தின் குக்கீயை மட்டும் நீக்க விரும்பினால், அந்தத் தளத்தில் இருக்கும்போது முகவரிக்கு இடப்பக்கத்திலுள்ள குறியைத் தொட்டு, அங்கிருந்தே அந்தத் தளத்துக்குரியதை மட்டும் அழிக்கலாம்.

கேள்வி: ஐந்தாம் மாதத்தில் எங்கள் பிள்ளையை இழந்தோம். அதற்கு முன்னர் கர்ப்பகாலத்தைப் பற்றி என் போனில் நிறைய வாசித்திருந்தேன். இப்போது எந்தப் பக்கத்தைத் திறந்தாலும் தொட்டிலும், குழந்தை உடுப்பும், பால்மாவும் வருகின்றன. பார்க்க முடியவில்லை. இதை நிறுத்த வழி உண்டா?
— வாசகி ஒருவர், அக்கரைப்பற்று

பதில்: உங்கள் இழப்புக்காக மனம் வருந்துகிறேன். இந்தப் படங்களைப் பார்ப்பது உங்களுக்கு எவ்வளவு கடினம் என்பதை உணர்கிறேன். நீங்கள் வாசித்ததில் எந்தத் தவறும் இல்லை. ஒரு தாய் தேட வேண்டியதைத்தான் தேடியிருக்கிறீர்கள். தேடலைக் குறித்துக்கொண்ட கணக்குக்கு, அதன்பின் நடந்தது தெரியாது. அதனால் மாதக்கணக்கை அது பாட்டுக்கு எண்ணிக்கொண்டே போகிறது. இதைப் பெருமளவு நிறுத்தலாம். இப்போது உங்களால் முடியாவிட்டால், கணவரிடமோ சகோதரியிடமோ போனைக் கொடுத்துச் செய்யச் சொல்லுங்கள்.

முதலில் குரோமின் மூன்று புள்ளிகளைத் தொட்டு, உலாவல் தரவை அழிக்கும் இடத்துக்குப் போய், காலத்தை 'ஓல் டைம்' என்று வைத்து, குக்கீகளை அழியுங்கள். சேமித்த கடவுச்சொற்களுக்கு உரிய பெட்டியில் சரி அடையாளம் இல்லை என்பதைப் பார்த்துக்கொண்டால் அவை அழியமாட்டா. சில தளங்களில் மீண்டும் நுழைய வேண்டியிருக்கும், அவ்வளவுதான். அதன் பின்னர், மேலே காத்தான்குடி வாசகருக்குச் சொன்னபடி மூன்றாந்தரப்புக் குக்கீகளைத் தடுத்துவிடுங்கள். பழைய இலக்கங்கள் போய்விடும். அவ்வழியே புதியவை வந்து சேராது.

ஆனால் குக்கீ மட்டுமே காரணமாக இருக்காது. உங்கள் கூகுள் கணக்கிலும் அந்தத் தேடல்கள் பதிந்திருக்கக்கூடும். 'மை அட் சென்டர்' என்ற பக்கத்தில், மனத்தைப் புண்படுத்தக்கூடிய சில விடயங்களின் விளம்பரங்களைக் குறைக்கும்படி கேட்பதற்கென ஒரு பகுதி இருக்கிறது. மது, சூதாட்டம் போன்றவற்றோடு கர்ப்பமும் குழந்தை வளர்ப்பும் அதிலே ஒரு தலைப்பாக உண்டு. அதை அணைத்துவிடுங்கள். பேஸ்புக்கிலும் விளம்பர விருப்பங்களுக்கான பகுதியில் பிள்ளை வளர்ப்பு என்ற தலைப்பைக் குறைத்துக் காட்டும்படி கேட்கலாம். செயலிகளுக்குள் வரும் விளம்பரங்கள் குக்கீயைக் கொண்டு இயங்குவதில்லை. அன்ட்ரொய்ட் போனுக்கு விளம்பர அடையாளம் என்று தனியாக ஒன்று உண்டு. போனின் 'செட்டிங்ஸ்' என்பதற்குள் 'பிரைவசி', அதற்குள் 'அட்ஸ்' என்று போனால், அந்த அடையாளத்தை முற்றாக நீக்கும் வசதி அன்ட்ரொய்ட் 12இலும் அதற்குப் பிந்திய பதிப்புகளிலும் இருக்கிறது. கர்ப்பகாலத்தைக் கணக்கிடும் செயலி எதையும் வைத்திருந்தால், போனிலிருந்து அகற்றுவதற்கு முன்னர் அதற்குள் சென்று கணக்கையே மூடிவிடுங்கள். செயலியை மட்டும் அகற்றினால் அவர்களிடமுள்ள விபரங்கள் அங்கேயே இருக்கும்.

இவ்வளவும் செய்தபின் ஓரிரு விளம்பரங்கள் தப்பி வரலாம். அப்படி வந்தால் அதன் மூலையிலுள்ள சிறு குறியைத் தொட்டு, இதைக் காட்ட வேண்டாம் என்று தெரிவிக்கலாம்.

உடல்நிலை பற்றி இனி எதையும் வாசிக்கும்போது, குரோமின் மூன்று புள்ளிகளுக்குள் 'இன்கொக்னிட்டோ' என்று இருக்கும் மறைநிலைச் சாளரத்தைத் திறந்து வாசியுங்கள்; வீட்டில் பலர் பயன்படுத்தும் போனானால் இது இன்னும் அவசியம். அந்தச் சாளரத்தில் மூன்றாந்தரப்புக் குக்கீகள் தாமாகவே தடுக்கப்படுகின்றன. மறைநிலைப் பக்கங்கள் எல்லாவற்றையும் மூடியதும் மற்றக் குக்கீகளும் தேடிய சுவடும் போனிலிருந்து போய்விடும். ஒரு பக்கத்தையாவது மூடாமல் விட்டால் அவை நீங்கமாட்டா. அதற்குள் கூகுள் கணக்கிலோ பேஸ்புக்கிலோ நுழைந்துவிடாதீர்கள். நுழைந்தால் நீங்கள் யார் என்பதை நீங்களே சொல்லிக்கொடுத்ததாகிவிடும். எந்தத் தளத்துக்குப் போனீர்கள் என்பதை இணைய இணைப்பு வழங்கும் நிறுவனம் அறிவதை மறைநிலைச் சாளரம் தடுக்காது என்பதையும் மனத்தில் வைத்திருங்கள்.

கேள்வி: சில தளங்களில் மட்டும் 'எல்லாக் குக்கீகளையும் ஏற்கிறேன்' என்ற பெட்டி வந்து நிற்கிறது. உள்ளூர்த் தளங்கள் பலவற்றில் அது வருவதில்லை. ஏற்காவிட்டால் வாசிக்க முடியாதா?
— வாசகர் ஒருவர், ஏறாவூர்

பதில்: அந்தப் பெட்டி ஐரோப்பியச் சட்டங்களால் வந்தது. இன்றியமையாதவை அல்லாத குக்கீகளை வைப்பதற்கு முன் பயனரின் சம்மதத்தைக் கேட்க வேண்டும் என்ற விதி ஐரோப்பிய ஒன்றியத்தில் 2009இல் சேர்க்கப்பட்டது. 2018 மே 25 முதல் நடைமுறைக்கு வந்த பொதுத் தரவுப் பாதுகாப்பு ஒழுங்குவிதி, சம்மதம் எப்படிப் பெறப்பட வேண்டும் என்பதை மேலும் இறுக்கியது. பாரிசிலோ பேர்ளினிலோ இருந்து நம்மவர்கள் நடத்தும் தமிழ்த் தளங்களுக்கும் இது பொருந்தும். அதனால்தான் ஏறாவூரில் இருந்து திறந்தாலும் உங்களுக்குப் பெட்டி தெரிகிறது. இலங்கையிலும் தனிப்பட்ட தரவுகளின் பாதுகாப்புக்காக 2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கச் சட்டம் நிறைவேற்றப்பட்டிருக்கிறது. கட்டம் கட்டமாக நடைமுறைக்கு வரும் வகையில் அது அமைக்கப்பட்டது.

பெரும்பாலான தளங்களை ஏற்காமலே வாசிக்கலாம். 'ரிஜெக்ட் ஓல்' என்றிருந்தால் அதைத் தொடுங்கள். ஏற்கும் பொத்தானைப் பெரிதாகவும் பளிச்சென்றும் வைத்து, மறுக்கும் வழியை இரண்டு மூன்று பக்கங்களுக்கு அப்பால் ஒளித்து வைப்பது பல தளங்களின் வழக்கம். இது நேர்மையான முறையல்ல. ஏற்பதைப் போல எளிதாக மறுப்பதற்கு வழி வைக்கவில்லை என்பதற்காக, பிரான்சின் தரவுப் பாதுகாப்பு ஆணையம் கூகுளுக்கு 150 மில்லியன் யூரோவும் பேஸ்புக்குக்கு 60 மில்லியன் யூரோவும் தண்டம் விதித்ததாக 2022 ஜனவரியில் அறிவித்தது. மறுக்கும் பொத்தான் கண்ணில் படாவிட்டால் 'மனேஜ்' அல்லது 'செட்டிங்ஸ்' என்றிருப்பதைத் தொட்டு, இன்றியமையாதவை தவிர்ந்த எல்லாவற்றையும் அணைத்துவிட்டுச் சேமியுங்கள். அவசரத்தில் ஏற்றுவிட்டாலும், உலாவியில் மூன்றாந்தரப்புக் குக்கீகளைத் தடுத்திருந்தால் அந்தத் தடை அப்படியே இருக்கும்.

கேள்வி: மூன்றாந்தரப்புக் குக்கீகளைத் தடுத்தபின் இணையவழி வகுப்பு நடக்கும் ஒரு தளத்தில் காணொளி திறப்பதில்லை. தடையை எடுத்துவிடலாமா?
— ஆசிரியர் ஒருவர், திருக்கோவில்

பதில்: முழுத் தடையையும் எடுக்க வேண்டாம். காணொளியும் நுழைவும் வெவ்வேறு தளங்களிலிருந்து வரும்போது சில இடங்களில் இப்படி நேர்வதுண்டு. தடுத்த அதே 'தேர்ட் பார்ட்டி குக்கீஸ்' பக்கத்தில், அனுமதிக்கப்படும் தளங்களைச் சேர்க்கும் இடமும் இருக்கிறது. வகுப்புத் தளத்தின் முகவரியை மட்டும் அங்கே சேர்த்து, பக்கத்தை மீண்டும் திறந்து பாருங்கள். தவணை முடிந்ததும் அதே பட்டியலிலிருந்து அந்த முகவரியை நீக்கிவிடலாம்.